வண்டியில ஒண்ணும் இல்ல

சுருதி என்றதும் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஆண்பிள்ளைதான். தொப்பை உண்டு, நரைத்த மீசை உண்டு, எந்தச் சோப்புக்கும் மசியாத கிரீஸ் நகக்கண்ணில் உண்டு. லாரி, வேன், பிக்கப் என்று டீசலில் ஓடுகிற எதையும் பழுது பார்க்கிற மெக்கானிக். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவதுல சுருதி விலகுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில்தான் கோளாறு இருக்கும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு தடவை பார்சல் கொண்டுவந்த பையன், "உங்க பொண்ணைக் கூப்பிடுங்க சார், அவங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று ஷெட்டு வாசலில் நின்று அடம்பிடித்தான். நான்தான் அந்தப் பொண்ணு என்று இவர் சொல்ல, அவன் நம்பவே இல்லை.

அந்தக் காதை அவர் நம்பினார். ஊரும் நம்பியது. வேறு எங்கும் பிடிபடாத நோயோடு வந்த வண்டிகள் அவருடைய தகரக் கூரைக்குக் கீழே வந்து குணமாகிப் போயின. "எனக்குத் தெரியல" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவருடைய மனைவிக்கு ஒரே தம்பி. நல்ல டிரைவர். ஆனால் சில வருஷம் குடித்துக் குட்டிச்சுவராகக் கிடந்தான். வேலை போனது, மரியாதை போனது, ஒரு கட்டத்தில் பெண்டாட்டியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு நாள் தானாகவே நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று கேட்டால், "போரடிச்சிருச்சு" என்பான். பெண்டாட்டி திரும்பி வந்தாள். ஆனால் வேலை கொடுக்கத்தான் ஒருத்தரும் இல்லை. குடிகாரன் திருந்திவிட்டான் என்று சொன்னால் ஊர் தலையை ஆட்டும், சாவியை மட்டும் கொடுக்காது.

அக்கா அழுது கண்ணைக் கசக்கியதில் சுருதி ஐஸ் ஃபேக்டரி முதலாளியம்மாவிடம் போய் நின்றார். "என் மச்சினன்தான்மா. நான் சொல்றேன், எடுத்துக்கங்க" என்றார். அவர் சொன்னதற்காக அந்த அம்மா எடுத்துக்கொண்டார். கொடுத்தது பழைய பிக்கப். பெயின்ட் உரிந்து, ஒரு பக்கக் கதவு மட்டும் வேறு நிறத்தில், பின்பக்கத்துப் பலகை எந்நேரமும் ஈரமாக இருக்கும். காலையில் ஐஸ் பாளங்களைச் சாக்கால் மூடி ஏற்றிக்கொண்டு, மேம்பாலத்து ஏற்றத்தைத் தாண்டி மீன் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஐஸ் காத்திருக்கிற சரக்கு இல்லையே. சொன்ன நேரத்தில் போனால் ஐஸ், தாமதமானால் வெறும் தண்ணீர்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் பிக்கப்பின் டீசல் டேங்க்கில் துருப்பிடித்து ஒழுகல் கண்டது. சுருதி டேங்க்கைக் கழற்றி, கழுவி, ஓட்டையைப் பற்றவைத்து, மறுபடி கழுவி மாட்டிக்கொடுத்தார். கோளாறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆனால் மறுநாளே வரவில்லை. சில வாரம் கழித்து, அதுவும் வந்தது வராதது தெரியாமல் வந்தது.

"மாமா, ஏத்தத்துல திடீர்னு இழுவை போயிடுது" என்றான் மச்சினன். "எவ்ளோ மிதிச்சாலும் ஏற மாட்டேங்குது. அப்படியே தவழுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி போகுது."

"தினமும் வருதா?"

"இல்ல மாமா. ரெண்டு நாள் நல்லா போவுது. மூணாம் நாள் காலை வாருது."

சுருதி ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். நாசில்களைக் கழற்றிச் சோதித்தார். டீசல் வரும் வழியில் ஒரு துண்டுக் கண்ணாடிக் குழாயைச் சொருகி, காற்றுக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். குமிழி இல்லை. காதை வைத்துக் கேட்டார். பழைய இன்ஜினுக்கு இதைவிட நல்ல குரல் அமையாது. காலி வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறி இறங்கினார். சும்மா ஜிவ்வென்று ஏறியது.

"போ, ஒண்ணும் இல்ல" என்றார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். ஐஸ் பாதியாகக் கரைந்து, மீன்காரர்கள் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"மாமா, லோடோட ஒரு தடவை என்கூட வாங்க. காலியா போனா வராது. லோடு இருந்தாதான் வருது."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

"ஐயோ, இல்ல மாமா. டேங்க்ல எதாவது..."

"டேங்க்கா? நானே கழட்டி, நானே ரெண்டு தடவை கழுவி, நானே மாட்டின டேங்க்டா அது! அதுல ஈ கூட இருக்காது."

பார்த்தீர்களா? அங்கேதான் புத்தி மழுங்கியது. மனுஷன் பம்ப்பைச் சந்தேகப்பட்டார், ஃபில்டரைச் சந்தேகப்பட்டார், குழாயைச் சந்தேகப்பட்டார், பெட்ரோல் பங்க்குக்காரன் கலப்படம் பண்ணினானோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். தன் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. அதையெல்லாம் முடித்த பிறகு மிச்சம் இருந்தது யார்? ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்தான். மேம்பாலம் ஏறுமுன் ஒரு சாராயக்கடை இருந்தது வேறு அவர் நினைவுக்கு வந்து தொலைத்தது.

முதலாளியம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஷெட்டுக்குள் கால் வைக்கும்போதே சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து நின்றார். கோபத்தில் கத்துகிறவர் இல்லை. அதுதான் பயம்.

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வண்டியா, ஆளா?"

வண்டி வேலைக்காகக் காத்திருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினனும் அங்கேதான், பட்டறை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சாவி அவன் கையில் இருந்தது. அவனும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தான்.

"தெரியலம்மா" என்று சொல்லியிருக்கலாம். குடியா முழுகிவிடும்? "இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் இருக்கிறதே வாய், அது இத்தனை வருஷம் பழகிய பழக்கத்தை விடுமா?

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னார். ஆள்தான் என்று அவர் சொல்லவில்லை. பின்னாளில் தூக்கம் வராதபோது அவர் இதைத் தனக்குத் தானே பல தடவை சொல்லிப் பார்த்தார். நான் ஆளைச் சொல்லலையே, வண்டியைத்தானே சொன்னேன் என்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு அது அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் மச்சினன் கோபப்படவில்லை, சத்தியம் செய்யவில்லை. "அப்படியா மாமா?" என்று மட்டும் கேட்டான். ஏதோ புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவன் போலக் கேட்டான். சாவியை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துபோனான்.

அன்று சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்கு வந்தபோது சுருதியின் மனைவி அவனை வாசலிலேயே நிறுத்தினாள். தோளுக்கு மேல் வளர்ந்தவனை, ஒரு குழந்தைக்கு அப்பனை, "ஊது" என்றாள். அவன் குனிந்து அக்கா முகத்துக்கு நேரே ஊதினான். ஒரு நாற்றமும் இல்லை. "ஏலக்காயை மென்னுட்டு வந்திருப்ப" என்றாள். "உங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு. வண்டியில ஒண்ணும் இல்லைன்னு அவரு சொன்னா ஒண்ணும் இல்லதான். இனிமே குடிச்சுட்டு இந்தப் படி ஏறாத." அவன் படி இறங்கிப் போனான். கூடத்தில் உட்கார்ந்திருந்த சுருதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

ஐஸ் ஃபேக்டரிக்குப் புது டிரைவர் வந்தான். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, நெற்றியில் முடி விழாமல் தலை சீவிக்கொண்டு, எதையும் யோசித்து நிதானமாகப் பேசுகிற ஆள். மீன் மார்க்கெட்டில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பீடி, சிகரெட் கிடையாது. டீகூடச் சர்க்கரை போடாமல்தான் குடிப்பான். அந்த வாத்தியார் ஒரு மத்தியானம் பிக்கப்பை ஷெட்டுக்குள் விட்டுவிட்டு இறங்கினான். பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு, கொஞ்சம் பொறுத்து எடுத்தா சரியாயிடுது. தினமும் வர்றதில்ல. லோடு இருந்தாதான் வருது."

சுருதி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஒருத்தன் குடித்துவிட்டுக் கதை கட்டலாம். குடிக்காதவன் வந்து அதே கதையைக் கட்டுவானா?

"நாளைக்குக் காலையில லோடு ஏத்திட்டு என்னைக் கூப்பிடு. நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் ஐஸ் ஏற்றிய பிக்கப்பில் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து போனார். முன்னால் மேம்பாலம் தெரிந்ததும் ஒரு வெட்கங்கெட்ட ஆசை வந்தது அவருக்கு. வண்டி நிற்கக் கூடாது, நல்லபடியாக ஏறிவிட வேண்டும், தான் சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது என்று ஆசை. பாதி ஏற்றத்தில் இன்ஜினின் குரல் தொண்டை அடைத்த மாதிரி கம்மியது. வாத்தியார் மிதித்துப் பார்த்தான். வண்டி தவழ்ந்தது. பின்னால் ஹார்ன்கள் கிழித்தன. பஸ்காரன் ஒருத்தன் தலையை நீட்டி, "ஏன்யா, வண்டிய எடைக்குப் போட வேண்டியதுதானே" என்று திட்டிவிட்டுப் போனான். ஓரத்தில் நிறுத்தி ஆஃப் செய்தார்கள். சாக்குக்குக் கீழே ஐஸ் கரைந்து, பலகை இடுக்கு வழியாக ஒழுகி, ரோட்டுச் சரிவில் ஓடியது.

இங்கேதான் மச்சினன் நின்றிருப்பான். தனியாக. ஒவ்வொரு தடவையும் இந்த ஹார்ன், இந்த ஏச்சு, இந்தத் தண்ணீர். மார்க்கெட்டில் போய் மீன்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து நேரே ஷெட்டுக்கு வந்து, "மாமா, லோடோட ஒரு தடவை வாங்க" என்று கேட்டான். ஒரு காலைப்பொழுது. அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அதைக்கூடக் கொடுக்கவில்லையே பாவி என்று சுருதி தன்னையே வைதுகொண்டார். வாய்விட்டே வைதார் போலிருக்கிறது, வாத்தியார் திரும்பிப் பார்த்தான்.

பிறகு செய்ததெல்லாம் சரியான வைத்தியம்தான். சாப்பாட்டைச் சோதிக்காமல் நோயாளியைச் சோதித்து என்ன பிரயோஜனம்? ஒரு கேனில் நல்ல டீசலை ஊற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டி, இன்ஜினுக்குப் போகிற குழாயை டேங்க்கிலிருந்து பிடுங்கி அந்தக் கேனில் விட்டார். முழு லோடோடு வாரம் முழுக்க ஓடட்டும் என்றார். ஓடியது. ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை. மறுபடி குழாயை டேங்க்கில் மாட்டினார். மூன்றாம் நாள் நின்றது. இன்ஜின் மேல் பழி இல்லை, பம்ப் மேல் இல்லை, ஃபில்டர் மேல் இல்லை. நோய் டேங்க்குக்குள்.

வாத்தியார் டீ குடிக்கப் போயிருந்தபோது டேங்க்கை இறக்கினார். டீசலை வடித்தார். மேலே டீசல் அளவு காட்டும் மிதவை பொருத்தியிருந்த வட்ட மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். மூலையில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இழுத்தார். சொதசொதவென்று ஒரு துணி வெளியே வந்தது.

தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசினார். அலச அலச நிறம் வந்தது. வெளிர் நீலத் துணியில் மஞ்சள் வாத்துகள்.

அவருடைய மகளின் கவுன் அது. சின்ன வயதில் போட்டுத் தேய்த்தது. மனைவிதான் பழைய துணிகளையெல்லாம் சதுரம் சதுரமாகக் கிழித்து, மடித்து, பையில் போட்டு ஷெட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். ஏனென்றால் சுருதிக்கு ஒரு பழக்கம். எதைக் கழற்றினாலும் அதன் திறந்த வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார். தூசுதான் இன்ஜினுக்கு எமன் என்பார். மற்ற மெக்கானிக்குகள் அப்படியே திறந்து போட்டிருப்பதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். சோம்பேறி எவனும் செய்ய முடியாத தப்பு இது. சுத்தக்காரன்தான் செய்ய முடியும். அன்றைக்கு டேங்க்கைக் கழுவிக் காயவைத்து, மிதவை வாயில் இந்தத் துணியை வைத்து அடைத்திருக்கிறார். மாட்டும்போது வெளியே எடுக்க மறந்ததில், மிதவை அதை இடித்து உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது. லோடோடு ஏற்றம் ஏறும்போது இன்ஜின் டீசலை வேகமாக உறிஞ்சும். துணி மிதந்து வந்து உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தினால் இழுப்பு போய், துணி தானாக விலகிவிடும். காலி வண்டிக்கு அந்த இழுப்பே கிடையாது. மச்சினன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

சுருதி துணியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

அப்போது பார்த்து முதலாளியம்மா வந்தார். வண்டியைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார், தொட்டியில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"இதுதானா?"

"ஆமாம்மா. டேங்க்குக்குள்ள கெடந்துச்சு."

"டேங்க்குக்குள்ள துணி எப்படிப் போகும்?" என்றவர் தானே பதிலையும் சொன்னார். "அவன் வேலைதான். வேற யாரு? வேலைக்கு மட்டம் போட, வழியில நிறுத்திக் குடிக்க, இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். உங்க மச்சினன்னு பார்த்தேன் அண்ணே, இல்லன்னா போலீசுக்கே போயிருப்பேன்."

டீ குடித்துவிட்டு வந்த வாத்தியாரும், "இருக்கலாம்மா" என்றான் நிதானமாக.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பாவம் செய்தவன் எதிரிலேயே நின்று, பழியை இன்னொருத்தன் தலையில் இரண்டாம் முறையாக ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். என் துணிம்மா என்று சொல்ல நாக்கைப் புரட்டினார் சுருதி. புரளவில்லை. அந்த அம்மா கிளம்பிப் போன பிறகும் வாயைத் திறந்தபடியே நின்றார். போலீஸ் என்ற சொல் மட்டும் ஷெட்டுக்குள் தங்கிவிட்டது.

துணியைப் பிழிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒளிக்க வேண்டும் என்று நினைத்தாரா, காட்ட வேண்டும் என்று நினைத்தாரா, அவருக்கே தெரியாது. சட்டையைக் கழற்றி மாட்டியதும் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து பையிலிருந்து அதை உருவினாள்.

"ஐயே, இதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க? பாப்பா கவுன்ல கிழிச்சதுதானே இது?"

"ஐஸ் வண்டி டேங்க்குக்குள்ள கெடந்துச்சு."

அவள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனால் மெக்கானிக் வீட்டில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள். விளக்கம் தேவைப்படவில்லை. துணியைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அவனை ஊதச் சொன்னேங்க."

"ம்."

"ஊதினான்ங்க. நாறவே இல்ல. நாறலைன்னு என் மூக்குக்குத் தெரிஞ்சுதுங்க. அப்பவும் நான் உங்களைத்தான் நம்பினேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. முதலாளியம்மா சொன்னதையும் சொன்னார். சொல்லும்போதே, தான் பேசாமல் நின்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கேட்டதும்தான் அவள் எழுந்தாள்.

"காலையில முதல் வேலையா அந்தம்மாகிட்ட போங்க. இது நம்ம வீட்டுத் துணின்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம என் தம்பி வீட்டு வாசலுக்கு நீங்களும் வரக் கூடாது, நானும் போக மாட்டேன்."

காலையில் ஐஸ் ஃபேக்டரி ஆபீஸ் அறையில், மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று சொன்னார். என் துணி, என் கை, என் வாய், மூன்றும் தப்பு என்றார். பக்கத்து அறையில் ஐஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"துணியை விட்டது மறதி. யாருக்கும் வரும்" என்றார் முதலாளியம்மா. "ஆனா நான் அன்னிக்கு உங்களைக் கேட்டேன். நேத்தும் உங்க முன்னாடிதான் அவனைத் திட்டினேன். வாத்தியாரைப் பெரிய லாரிக்கு மாத்திடுறேன். உங்க மச்சினனை வரச் சொல்லுங்க. ஆனா என் வண்டிங்க இனிமே உங்க ஷெட்டுக்கு வராது அண்ணே."

"சரிம்மா" என்றார். வலித்தது. இந்த அளவாவது வலிக்கட்டும் என்றும் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியுமாக மச்சினன் வீட்டுக்குப் போனார்கள். ஒண்டுக் குடித்தனம். வாசலில் அவனுடைய மோட்டார் பைக் பழைய போர்வை போர்த்தி நின்றது. மேலே தூசு, டயரில் காற்று இல்லை. அவன் அப்போதுதான் வந்திருந்தான். ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், தோள் இரண்டும் சிவந்திருந்தன. டிரைவர் வேலை யாரும் கொடுக்கவில்லை போலும் என்று சுருதி நினைத்தார். அவனுடைய சின்ன மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மாமா. வாக்கா, உள்ள வா" என்றான். எத்தனையோ நாளாக வராத அக்காவை நேற்றுத்தான் வந்துபோனவளைப் போலக் கூப்பிட்டான்.

உட்காரச் சொன்னான். சுருதி உட்காரவில்லை.

"மாப்ள, கோளாறு வண்டியிலதான். டேங்க்குக்குள்ள துணி. நான் அடைச்ச துணி. மாட்டும்போது நான்தான் உள்ள விட்டுட்டேன். அதுதான் குழாயை அடைச்சிருக்கு."



"அப்ப வண்டி நெஜமாவே நின்னுச்சா மாமா?"

"என்னடா கேள்வி இது? நின்னுச்சுன்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னேன். ஆனா நீங்க இல்லைன்னீங்களே" என்றான். "உங்க காது தப்பாது. அப்ப என் தலைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். குடிச்ச குடிக்கு மூளையில எதோ ஆயிருச்சு, வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கு, எனக்குத்தான் நின்ன மாதிரி தோணுதுன்னு. ரெண்டு பேர் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டாங்க மாமா, நான் போகல. யாரையாவது ஏத்திக் கொன்னுட்டா? ஒரு நாள் பாப்பாவை ஸ்கூலுக்குக் கொண்டுவிடும்போது கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அன்னிக்கு மூடி வெச்சதுதான் இந்தப் பைக்கை. நடந்தே கூட்டிட்டுப் போறேன்."

அக்கா படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன்க்கா அழற? நல்ல சேதிதானே சொல்றாரு மாமா? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரு" என்றான் அவன். சிரித்தான். முகமெல்லாம் சிரிப்பு. வேலை திரும்பக் கிடைத்ததைச் சொன்னபோதுகூட அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பைக்கின் போர்வையை உருவி உதறினான். பக்கத்து வீட்டிலிருந்து கைப்பம்ப்பை வாங்கி வந்தான். சுருதி அதைப் பிடுங்கிக்கொண்டு, தொப்பை குலுங்க, மூச்சு வாங்க இரண்டு டயருக்கும் காற்றடித்தார். செய்வதற்கு வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மகள் ஓடிவந்து, "அப்பா, நானு" என்றாள்.

"இரு பாப்பா. முதல்ல மாமாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். அப்புறம் நீ." சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில், "கூட உட்காருங்க மாமா. ரொம்ப நாளாச்சு, கொஞ்சம் பயமா இருக்கு" என்றான்.

சுருதி பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி சந்துக்குள் தயங்கித் தயங்கி ஊர்ந்தது. அவன் முதுகு விறைத்திருந்தது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் தோள் தளர்ந்தது, வேகம் கூடியது. காற்று முகத்தில் அடித்தது. எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அவருக்கு அந்த முதுகிடம் சொல்ல முடிந்தது.

"என்னை மன்னிச்சிரு மாப்ள."

"என்ன மாமா?"

"மன்னிச்சிருன்னு சொன்னேன்டா!" என்று கத்தினார். பக்கத்தில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"முதல் தடவையே கேட்டுச்சு மாமா" என்றான். குரலில் சிரிப்பு இல்லை. "அன்னிக்கு ஷெட்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. இதையும் கொஞ்சம் சத்தமா கேக்கணும்னு தோணுச்சு."

சுருதி மூன்றாம் முறையும் சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.